பாலியாற்றடியில் நின்ற வான்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போக இரண்டு வழிகள் உள்ளன. ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து மேற்கே திரும்புவது ஒன்று. நாவற்குழியில் பிரிந்து, தனங்கிளப்பு, சங்குப்பிட்டி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோரமாகவே இறங்கிப் போவது மற்றது. முதலாவது சுற்று வழி. ஆனால் நெடுகிலும் கடைகளும் கராஜுகளும் மனிதர்களும் உண்டு. இரண்டாவது ஏ32 வீதி. நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நேரமும் எண்ணெயும் மிச்சம். வாகனம் ஒழுங்காக ஓடும்வரை இதைப் போல நல்ல வழி வேறில்லை. நின்றுவிட்டால்தான் இது எவ்வளவு நீளமான வீதி என்று தெரியும்.

சங்குப்பிட்டியில் முன்னர் பாலம் இருக்கவில்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றித்தான் கடல்நீரேரியைக் கடப்பார்கள். போர்க்காலத்தில் அதுவும் இல்லாமற் போயிற்று. 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்ட பிறகே யாழ்ப்பாணமும் மன்னாரும் மறுபடி பக்கத்து ஊர்கள் ஆயின. காலை வேளையில் அந்தப் பாலத்தைக் கடக்கிறவர்கள் வாகனத்தின் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், கம்பு நட்ட களங்கண்ணி வலைகள், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். அப்பால் பூநகரியின் பனைகள். மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன ஊர் அது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் இடிந்த மதிலும் அங்கேதான் இருக்கிறது.

2016 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையின் கடைசி நாட்களில் நாங்கள் நான்கு பேர் இந்த வழியால் போனோம். நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி தாதி. ஒருத்திக்குத் தபாற்கந்தோரில் வேலை. மற்றவள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் வைத்திருக்கிறாள். தானே ஓட்டுகிறாள். நாங்கள் அவளை 'வான்காரி' என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அது ஒரு பழைய டொல்பின் வான். கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கியது. அவர் காலமான பிறகு, "பொம்பிளை என்னண்டு ஓடுறது, வித்துப்போட்டு வங்கியில போடு" என்று சொந்தக்காரர் எல்லோரும் புத்தி சொன்னார்கள். அவள் ஆறு மாதத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தாள். அந்த வானில் வந்த பணத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஐந்தாவது ஆள் மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டியில் இருந்தாள். அவளுடைய மூத்த மகளுக்குக் கலியாணம். அதற்குத்தான் போனோம்.

இந்த ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பிள்ளை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். அன்று பின்னேரம் நாங்கள் சைக்கிளில் அவளுடைய தெருவுக்குப் போனபோது கதவுகள் திறந்தபடி கிடந்தன. ஆட்கள் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள் என்பது பல மாதம் கழித்துக் கடிதம் வந்த பிறகே தெரியும். மன்னார்த் தீவு முஸ்லிம்களையும் அதே மாதத்தில் வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். அப்படி வந்த ஓர் எருக்கலம்பிட்டிக் குடும்பத்துப் பையனைத்தான் அவள் புத்தளத்தில் கலியாணம் முடித்தாள். அந்தக் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போவதென்றால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறவேண்டும். எந்த வீட்டில் அதற்கு விடுவார்கள்? போர் முடிந்த பிறகு அவர்கள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வீடு கட்டினார்கள்.

"அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். நீங்கள் பத்து மணிக்கே வந்திடோணும். பிள்ளைக்கு உடுப்பு உடுத்தேக்க நீங்கள் நாலு பேரும் பக்கத்தில நிக்கோணும்" என்று தொலைபேசியில் மூன்று தரம் சொல்லியிருந்தாள். மற்ற எந்தக் கலியாணத்துக்கும் பிந்திப் போகலாம். இதற்குப் பிந்தக் கூடாது என்று நினைத்துத்தான் காலை ஆறரைக்கே புறப்பட்டோம்.

பூநகரி கழிந்து கொஞ்சத் தூரத்தில் பின்பக்கம் 'பட பட' என்று சத்தம். வான்காரி பிறேக்கை அழுத்தவில்லை. காலை எடுத்து, வானைத் தானாக வேகம் குறையவிட்டு, மெல்ல ஓரங்கட்டினாள். இடப்பக்கப் பின்சில்லில் காற்று இல்லை. ரயர் வெடிக்கும்போது சடுதியாகப் பிறேக் அடித்தால் வாகனம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும் என்று பிறகு சொன்னாள்.

சில்லு மாற்றுவது ஆண் பிள்ளைகளின் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு வேண்டியது பலத்தைவிட ஒழுங்கு. டொல்பினில் மேலதிகச் சில்லு பின்பக்கத்துக்குக் கீழே தொங்கும். கம்பியைத் திருகி இறக்க வேண்டும். முன்சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். வானை ஜக்கில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினாள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சில்லு சுற்றும், வானும் ஆடும். இறுகிக் கிடந்த நட்டுக்கு அவள் கையை நோகவைக்கவில்லை. ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றாள். உடம்புப் பாரத்துக்கு நட்டு தானாக இளகியது. புதுச் சில்லைப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக இறுக்கினாள். நிலத்தில் முழங்கால் ஊன்றப் பழைய சேலை ஒன்று வைத்திருக்கிறாள். கலியாணத்துக்கு உடுத்துப்போன சேலையில் ஒரு பொட்டு ஊத்தையும் படவில்லை.

நாங்கள் நின்ற அந்த அரை மணித்தியாலத்தில் ஏழெட்டு வாகனங்கள் கடந்தன. ஒரு காரில் வந்த மூன்று ஆண்கள் நிறுத்தி, "றைவர் எங்கே?" என்று கேட்டார்கள். வான்காரி ஸ்பானரோடு நிமிர்ந்து பார்த்தாள். "ஜக்கைக் கொஞ்சம் அங்கால வையுங்கோ" என்று காருக்குள் இருந்தபடியே ஒருவர் சொல்லிவிட்டு, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு போனார்கள். அன்று முழுதும் அறிவுரை சொன்னவர்களுக்குக் குறைவில்லை.

அவ்வளவோடு முடிந்திருந்தால் பத்து மணிக்குப் போயிருப்போம். ஆனால் முழங்காவிலில் வான்காரி வானை நிறுத்தினாள். காற்றுப்போன ரயரை ஒட்டிவித்துக்கொண்டுதான் போவது என்றாள். கடைக்காரர் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். "மன்னாரில ஒட்டலாமே" என்றாள் தபாற்கந்தோர்க்காரி. "இதுக்கு அங்கால மன்னார் மட்டும் காடும் வெளியும். மற்றச் சில்லும் போச்சுதெண்டால் நாலு பேரும் ரோட்டில படுக்க வேண்டியதுதான்" என்றாள் வான்காரி. இந்த வீதியில் மேலதிகச் சில்லு இல்லாமல் ஒரு கட்டை கூட ஓடமாட்டாள். காத்திருந்தோம். கடைக்காரர் குளித்து ஈரத் தலையோடு வந்து ஒட்டித் தந்தார். புறப்படப் பத்தே முக்கால்.

வெள்ளாங்குளம் சந்தி தாண்டிப் பாலியாற்றை நெருங்கும்போதுதான் பெரிய பழுது வந்தது. டொல்பின் வானில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கும். முன்னால் இருந்த தாதி, "எடி, இருக்கிற இடம் சுடுது" என்றாள். வான்காரி வெப்பமானியைப் பார்த்தாள். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்க, சடாரென்று கீழே இறங்கியது. "இறங்கீட்டுது, இனிப் பயமில்லை" என்றாள் பின்னால் இருந்தவள். வான்காரி உடனே எஞ்சினை நிறுத்திவிட்டாள்.

முள் ஏறினால் எச்சரிக்கை; ஏறிய முள் ஒரேயடியாய் இறங்கினால் ஆபத்து. தண்ணீர் வெளியே போய்விட்டால், சூட்டை அளக்கும் கருவியைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. அது பிறகு பொய் சொல்லும். எஞ்சின் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், முள் குளிர்ந்தது போலக் காட்டும். அதை நம்பி இன்னும் இரண்டு கட்டை ஓடினால் சிலிண்டர் ஹெட் வளைந்து அல்லது வெடித்துப் போகும். அந்தப் பழுதுக்கு லட்சக்கணக்கில் வேண்டும். இதெல்லாம் அவள் எங்களுக்குச் சொன்னது, ஆசனத்தைத் தூக்கி ஆவி பறக்கவிட்டு, தூர நின்றுகொண்டு.

எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸில், நடுப்பகுதியில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. முதல் வாரம்தான் ஊரில் ஒரு கராஜில் எல்லாம் பார்த்து, "ஹோஸுகள் நல்லாயிருக்கு, இன்னும் ஒரு வருசம் ஓடும்" என்று காசு வாங்கியிருந்தார்கள். அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பல்லைக் கடித்தது மட்டும் தெரிந்தது.

ஓகஸ்ட் மாதம். சோளகம் அனலாக வீசியது. வீதி கறுப்பு நாடா போல நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பற்றைக்காடு. கைத்தொலைபேசியில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. எருக்கலம்பிட்டிக்கு ஒரு அழைப்பு கிடைத்தது. "வழியில நிக்கிறம்" என்பது வரைக்கும் போய்ச் சேர்ந்ததா தெரியாது, அறுந்துவிட்டது.

கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்துக்கு அடிக்கும். எங்கள் தாதி தன்னுடைய வாட்டில் அப்படி வெந்து வந்த சாரதிகளைப் பார்த்திருக்கிறாள். அதனால் அவளே மூடிக்குக் காவல் இருந்தாள். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டோம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் பிழை. சூடான இரும்பு வெடித்துப் போகும். ஆறிய பிறகு வான்காரி தன் பெட்டியிலிருந்து சைக்கிள் ரியூபில் வெட்டிய பட்டியொன்றை எடுத்து, வெடிப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினாள். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல்கள் ஆறும் றேடியேற்றருக்குள் போயின. அழுத்தம் ஏறாதபடி மூடியை அரைவாசிதான் இறுக்கினாள்.

இரண்டு கிலோமீற்றர் ஓடியிருப்போம். கட்டு ஒழுகத் தொடங்கியது. அவள் நிறுத்தினாள்.

அப்போது பன்னிரண்டரை. "மெல்ல மெல்ல உருட்டிப் பாப்பமே. இன்னும் நாற்பது கிலோமீற்றர்தானே. இண்டைக்கும் போகாட்டி அவள் என்ன நினைப்பாள்?" என்று தபாற்கந்தோர்க்காரி அழுவாரைப்போலக் கேட்டாள். நியாயமான கேள்விதான். இருபத்தாறு வருடம் அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்குள்ளும் இருந்தது. வான்காரி அவளைப் பார்த்து, "திங்கட்கிழமை காலமை பதினாலு பிள்ளையள் கேற்றடியில நிப்பினம். எஞ்சின் போனால் எனக்கு வேறை ஒண்டுமில்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாவியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பெண்கள் வெளியில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. காலை ஆறரையிலிருந்து பயணம். ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். 2008 இல் இந்த வீதியோரமாகத்தான் சண்டை கிராமம் கிராமமாக வடக்கே நகர்ந்தது. பிறகு பல வருடம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. நாங்கள் நின்ற இடத்தில் பலகை ஒன்றும் இல்லை. ஆனாலும் தார் வீதியின் விளிம்பைத் தாண்டி ஒருத்தியும் காலை வைக்கவில்லை. இரண்டு பேர் விரிப்பைப் பிடிக்க, வானின் மறைவில், வீதியோரத்திலேயே காரியத்தை முடித்தோம். அந்த விரிப்பையும் வான்காரிதான் கொண்டுவந்திருந்தாள். இப்படியான வீதியில் பெண்கள் பயணம் போனால் ஸ்பானருக்குப் பக்கத்தில் ஒரு விரிப்பும் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றரை போல ஓர் உழவு இயந்திரம் வந்தது. பின்னால் நீலத் தண்ணீர்த் தாங்கி. அந்தப் பக்கங்களில் கோடையில் கிணறுகள் உவர்த்துப் போகும். குடிதண்ணீரை இப்படித்தான் ஊருக்குள் கொண்டுபோய் அளந்து கொடுப்பார்கள். ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "என்னக்கா, தண்ணி இல்லையோ?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. தாங்கியின் குழாயைத் திறந்து எங்கள் போத்தல்களை நிரப்பித் தந்தான். ஹோஸைப் பார்த்தான். "தாங்கியோட இழுக்கேலாது. இதை ஊரில விட்டிட்டு வாறன், நில்லுங்கோ" என்று போய்விட்டான்.

வருவானா மாட்டானா என்று பேசிக்கொண்டிருந்தோம். முக்கால் மணித்தியாலத்தில் வந்தான். உழவு இயந்திரத்தின் சில்லு மூடியில், கம்பியைப் பிடித்தபடி அவனுடைய தாய். கையில் பெரிய வள்ளக் கயிறு.

"நாலு பொம்பிளைப் பிள்ளையள் ரோட்டில தனிய நிக்குதுகள் எண்டான். ஆம்பிளைப் பிள்ளை தனியப் போனால் நீங்கள் நம்புவியளோ இல்லையோ எண்டுதான் நானும் வந்தனான்" என்று இறங்கும்போதே சொன்னார். அவ்வளவு தூரம் எங்கள் மனதைப் படித்திருந்தார்.

இழுத்துச் செல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிறேக் மிதி கல்லாக இறுகிவிடும். இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். கயிறு தொய்ந்தால் பிறகு வெட்டி இழுக்கும், அறுந்தும் போகும். வான்காரி பையனிடம், "தம்பி, நடக்கிற வேகம் போதும். நான் ஹோன் அடிச்சால் நிப்பாட்டு" என்று சொல்லிக் கொடுத்தாள். தாய் எங்களோடு வானுக்குள் ஏறிக்கொண்டார். பாலியாற்றுப் பாலத்தை அப்படித்தான் கடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் மாட்டுக் குளம்படிகள் மட்டும்.

அவர்களுடைய வீடு உட்பாதையில் இருந்தது. தகரக் கூரை, சாணம் மெழுகிய விறாந்தை, வாசலில் வேம்பு. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினோம். தேத்தண்ணீர் வந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டார். எருக்கலம்பிட்டியில் முஸ்லிம் கலியாணம் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் படிச்சது விடத்தல்தீவில. அங்கத்தைக் கடையில ஒரு காக்கா இருந்தவர். பெருநாளுக்கு நாலு நாளைக்கு முன்னமே எங்களுக்குச் சட்டைத் துணி கடனுக்குத் தருவார், நத்தாருக்குக் குடுத்தாப் போதும். அவையளும் ஒரு நாளிலதான் போனவை. கடன் குடுக்கவும் இல்லை" என்றார். விடத்தல்தீவுக்கு முஸ்லிம்கள் திரும்பி வந்து குடியேறியிருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல, "ஓம், போய்ப் பாத்தனான். அந்தக் குடும்பம் வரேல்லை" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பையன் ஹோஸுக்கு ஆள் தேடிப் போனான். இங்கேதான் இந்த வீதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கார் பாகங்கள் தேடினால் கிடைக்காது. தேட வேண்டியது உழவு இயந்திரத்துக்கும் வள்ளத்துக்கும் உள்ளவற்றை. கரையோரத்தில் கடல் தொழில், உள்ளே வயல். இரண்டுக்கும் எஞ்சின் வேண்டும். ஆகவே எந்த ஊரிலும் வள்ள எஞ்சின் திருத்துகிற ஒருவர் இருப்பார்; எந்த வயற்காரரின் கொட்டிலிலும் பழைய ஹோஸ், பெல்ட், கிளிப் தொங்கும். நகரத்துக் கராஜில் 'அந்த மொடலுக்கு உள்ள சாமான் இல்லை' என்று கையை விரிப்பார்கள். இவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அளவைத்தான் பார்ப்பார்கள்.

நான்கு மணிக்கு, தேவன்பிட்டிப் பக்கமிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது, உப்பில் வெளிறிய சேர்ட். வள்ள எஞ்சின் திருத்துபவர். ஹோஸைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கட்டியிருந்த ரியூப் பட்டியைத் தடவி, "ஆர் சுத்தினது? நல்லாத்தான் சுத்தியிருக்கு. வெடிப்புப் பெரிசு, அதுதான் நிக்கேல்லை" என்று வான்காரியிடம் சொன்னார். அன்றைக்கு ஓர் ஆண் அவளோடு பேசிய முதல் நேரான வார்த்தை அது.

வெடித்த பகுதியைச் சுத்தமாக வெட்டி எடுத்தார். பையனின் கொட்டிலில் கிடந்த பழைய உழவு இயந்திர ஹோஸ் துண்டு உள்ளளவில் கிட்டத்தட்டப் பொருந்தியது. ஆனால் இரண்டையும் இணைக்க வேண்டும். வள்ளத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் உலோகக் குழாயில் ஒரு சாண் வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கி, இரண்டு ஹோஸ்களையும் இரண்டு பக்கத்திலிருந்து அதன்மேல் ஏற்றினார். ஏறுவதற்குச் சவர்க்காரம் பூசினார். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிளிப். "ஒண்டு போதாதோ?" என்று வான்காரி கேட்க, "கடலில ஒண்டு கழண்டால் நீந்தோணும் பிள்ளை" என்றார். தண்ணீரை மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும் வரைக்கும் மூடியைத் திறந்தே வைத்தார். வான்காரி குந்தியிருந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். இறுதிக் கிளிப்பை அவளிடமே கொடுத்து இறுக்கச் சொன்னார்.

கிளிப்புக்கு மட்டும் காசு வாங்கினார். வேலைக்கு வாங்க மறுத்துவிட்டார். ஐந்து மணி. அஸர் எப்போதோ முடிந்திருந்தது.

புறப்படும்போது தாய் ஒரு மண்முட்டியை வாழையிலையால் மூடிக் கட்டிக்கொண்டு வந்தார். தயிர். "கலியாண வீட்டுக்குக் குடுங்கோ. பாலியாத்தடியால வந்தது எண்டு சொல்லுங்கோ" என்றார். தபாற்கந்தோர்க்காரி அதை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் இறக்கவில்லை.

பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு தரம் நிறுத்தி, கிளிப்பைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துப் போனோம். விடத்தல்தீவு தாண்டும்போது வெயில் சரிந்துவிட்டது. மாந்தைச் சந்தியில் திரும்பி, மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கத்துத் தண்ணீரும் செம்பாய் இருந்தது. பட்டணத்தில் கழுதைகள் தெருவின் நடுவே தங்கள் வீடுபோல நின்றன. வான்காரி ஹோன் அடிக்காமல், அவை விலகும் வரைக்கும் நின்றாள். வழக்கத்தில் அவள் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. வான் ஓடுகிறது என்ற சந்தோஷமாக இருக்க வேண்டும்.

எருக்கலம்பிட்டியில் கலியாண வீட்டுக்கு முன் நிறுத்தும்போது மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டும் முடிந்துவிட்டது. நாங்கள் வாசலில் தயங்கி நின்றோம். சேலைகள் கசங்கி, முகத்தில் எண்ணெயும் புழுதியும்.

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "உம்மா, யாழ்ப்பாணத்துச் சாச்சிமார் வந்திட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடியது.

அவள் வந்தாள். தலைக்கு மேல் முக்காட்டைச் சரிசெய்தபடி நான்கு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். வான்காரியின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள். நகத்துக்குள் எல்லாம் கிரீஸ். "எந்த இடத்தில நிண்டது?" என்று கேட்டாள். பாலியாற்றடியில் என்றோம். "அந்த வழியாலதானே வாறது எண்டு மத்தியானம் மட்டும் வாசல்லயே இருந்தன். பிறகு, அந்த நாளைப்போல வழி மறிச்சுப்போட்டாங்களோ எண்டு நினைச்சன்" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவளுக்கும்தான், எங்களுக்கும்தான்.

மணப்பெண் உடுப்பு மாற்றாமல் இருந்தாள். தாய் மாற்ற விடவில்லையாம், நாங்கள் வந்து பார்க்கும்வரை. எங்களுக்கென்று ஒரு சஹன் எடுத்து வைத்திருந்தார்கள். பெரிய தட்டில் சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பஜ்ஜி, அச்சாறு. வழமையில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது. நாங்கள் நான்கு பேர். கலியாண வீட்டுக்காரி ஐந்தாவதாகக் குந்தினாள். மணப்பெண்ணையும் இழுத்து இருத்தினாள். பாடசாலை நாளில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை ஐந்து பேர் சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் கைக்கு மறக்கவில்லை. முட்டித் தயிரைக் கடைசியில் கொண்டுவந்து வைத்தாள். யார் தந்தது என்று கேட்டாள். விடத்தல்தீவுக் காக்காவின் கதையைச் சொன்னோம். "அந்தக் கடைக்காரரைத் தெரியும். புத்தளத்தில எங்கட முகாமுக்குப் பக்கத்து முகாம். அங்கயும் துணிதான் வித்தவர். மௌத்தாகிப் பத்து வருசத்துக்கு மேல" என்றாள். பிறகு தயிரை எல்லோருக்கும் பரிமாறினாள்.

அடுத்த நாள் காலை மன்னார்ப் பட்டணத்தில் புது ஹோஸ் வாங்கினோம். வான்காரி கலியாண வீட்டு வாசலில் வைத்துத் தானே பூட்டினாள். மணப்பெண்ணின் தம்பிமார் இருவர் ரோர்ச் பிடித்தார்கள். மூத்தவனுக்குக் கிளிப் இறுக்கவும் சொல்லிக் கொடுத்தாள், இரண்டிரண்டாக. பழைய இணைப்பை எறியவில்லை. துடைத்து ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். அது இன்றைக்கும் அவளுடைய வானில் இருக்கிறது. அத்தோடு இப்போது மேலதிக ஹோஸ் ஒன்று, பெல்ட் ஒன்று, இரண்டு தண்ணீர்க் கான், இழுக்கும் கயிறு எல்லாம் ஏறிவிட்டன. பிள்ளைகளின் புத்தகப் பைக்கு இடம் காணாது என்று பெற்றோர் முறைப்படுகிறார்களாம்.

திரும்பும்போதும் அதே வழிதான். வவுனியாப் பக்கத்தால் போவோமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பாலியாற்றுக்குக் கிட்ட உட்பாதையில் திரும்பி அந்த வீட்டு வாசலில் நிறுத்தினோம். பையன் தண்ணீர் கொண்டுபோயிருந்தான். தாய் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முட்டியைக் கொடுத்தோம். வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை என்று கலியாண வீட்டுக்காரி அதற்குள் வட்டிலப்பம் ஊற்றி அவித்து, துணியால் கட்டியிருந்தாள். கடைக்காரரைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னோம்.

அந்த அம்மா முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பத்து வருசமோ" என்றார். பிறகு, "பொம்பிளை வடிவோ? படம் இருக்கோ?" என்று கேட்டார். தபாற்கந்தோர்க்காரி தொலைபேசியை எடுத்தாள். இருவரும் வேம்பின் கீழ் நிழலில் இருந்து ஒவ்வொரு படமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வான்காரி ஆசனத்தைத் தூக்கி, புது ஹோஸை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள்.